முயலுக்குக் கட்டிய கோட்டை

அன்புள்ள மூணுகால்,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு இங்கிலாந்தில் நார்விச்சில் வேலை நிலைத்துவிட்டது, ஐப்பசி வரை நாங்களும் இங்கேதான். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? மேஜர் இன்னும் மோட்டார் ரூமில்தான் படுக்கிறாரா?

நீ எழுதிய மயில் விவகாரம்தான் இன்று என்னைப் பேனா எடுக்க வைத்தது. விதைத்த கடலையைக் கொத்திவிடுகிறது, மயிலைக் காக்கும் சட்டம் இருப்பதால் ஒரு கல்லெடுத்து எறியவும் பயமாக இருக்கிறது என்று நொந்து எழுதியிருந்தாயே. போன ஞாயிற்றுக்கிழமை தெட்ஃபோர்டு பக்கம் பைன் காட்டுக்குள் ஒரு பழைய கட்டடத்தைப் பார்த்தேன். பார்த்ததிலிருந்து உன் நினைப்பாகவே இருக்கிறது.

தெட்ஃபோர்டு வாரன் லாட்ஜ் என்று பெயர். 1400 வாக்கில் கட்டியது. கருங்கல் மாதிரி இறுகிய ஃப்ளின்ட் கல்லில் இரண்டு மாடி, கனத்த சுவர், கீழே கீற்று ஜன்னல். வாசலுக்கு நேர் மேலே ஒரு துவாரம், கதவை உடைக்க வருகிறவன் தலையில் போடுவதற்கு. ஏதோ எல்லைக் காவல் கோட்டை என்றுதான் நினைத்தேன். முயல்களைக் காப்பதற்காம்! வாரன் என்றால் முயல் வளர்க்க ஒதுக்கிய நிலம். இங்கே அது கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துச் சொத்து. ஆயுதத்தோடு கூட்டமாக வந்து திருடுவார்கள் என்று காவல்காரனுக்கு இப்படி ஒரு வீடு.

முயல் என்றதும் நம் கரட்டு முயலை நினைத்துக்கொள்ளாதே. அது வளை தோண்டாது, புதரடியில் படுக்கும். இது வேறு இனம், வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் எனக்கும் இத்தனை நாள் தெரியவில்லை. இதன் சொந்த ஊர் ஸ்பெயின் பக்கம். 12ஆம் நூற்றாண்டில் நார்மன் பிரபுக்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். குளிரும் ஈரமும் தாங்காத பிராணி. குளிர்காலத்தில் தீவனம் போட்டு, நரியும் மரநாயும் அண்டாமல் பார்த்து, பிள்ளையை வளர்ப்பதுபோல் வளர்த்திருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஒரு முயல் விலைக்குப் பல கோழிகள் வாங்கலாம். கறி விருந்துக்கு, தோல் அங்கிக்கு.

தெட்ஃபோர்டில் மணல் பூமி, முயலே தோண்டிக்கொள்ளும். சுற்றிக் கரை போட்டால் போதும். மண் இறுகிய இடங்களில் மனிதனே வளை கட்டிக் கொடுத்தான். அதைத்தான் உனக்குச் சொல்லத் துடிக்கிறேன். இரண்டு வருடம் முன்னால் மகளோடு டார்ட்மூர் என்ற மேட்டுநிலத்துக்குப் போனபோது, டிட்ஸ்வொர்தி என்ற இடத்தில் புல் மூடிய நீள நீள மேடுகளைப் பார்த்தேன். ஏதோ பழைய சமாதி என்று செருப்பைக் கழற்றிவிட்டுக்கூட நின்றேன். அவையெல்லாம் முயல் வீடுகள்! தலையணை மேடு என்கிறார்கள். அந்த வடிவத்தைப் பார்த்தால் வேறு பெயர் தோன்றாது. பொலபொலப்பான மண்ணைக் குவித்து, தண்ணீர் தேங்காமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருக்கிறார்கள். சிலவற்றைத் தோண்டிப் பார்த்தபோது, உள்ளே முயல் ஓடுவதற்கென்றே வெட்டி வைத்த தடங்கள் கிடைத்திருக்கின்றன. முந்தைய ஆய்வாளர்களும் இந்த மாதிரி மேடுகளைப் புதைகுழி என்று நினைத்ததுண்டாம். காலம் கணிப்பதும் சிரமம், முயலே உள்ளே போய் மண்ணைக் கீழ்மேலாகப் புரட்டிவிடுகிறது. பிடிப்பது எப்படித் தெரியுமா? வளை வாய்களில் வலையை மூடிவிட்டு, ஃபெரட் என்ற ஒல்லிப் பிராணியை வாய்க்கட்டுப் போட்டு உள்ளே விடுவார்கள். முயல் பதறி ஓடிவந்து வலையில் விழும்.

சரி, உன் மயிலுக்கு வருகிறேன். வாரன் முயல் கரைக்குள்ளேயே நிற்குமா? பக்கத்து வயலில் மேயும். அந்த வயல்காரன் தொடக்கூடாது. ராஜாவிடம் உரிமை வாங்கிய பிரபுவும் மடாதிபதியும்தான் பிடிக்கலாம். 1381இல் குடியானவர்கள் கிளர்ச்சி செய்தபோது, செயின்ட் ஆல்பன்ஸ் ஊர் ஜனங்கள் மடத்துக்கு எதிராகத் திரண்டார்கள். வெட்டவெளியில் ஒரு முயலை உயிரோடு பிடித்து, குற்றவாளிகளை மாட்டி நிறுத்தும் மரச்சட்டத்தில் கட்டிவைத்தார்கள், இனி எங்களுக்கும் பிடிக்கும் உரிமை உண்டு என்பதற்கு அடையாளமாக. ஜனங்களிடமிருந்து மடம் பறித்த திரிகைக் கற்கள் மடத்துக்குள் தரையில் பதிக்கப்பட்டிருந்தன. அவற்றையும் பெயர்த்து, உடைத்து, பிரசாதம்போல் ஆளுக்கொரு துண்டு எடுத்துப் போனார்கள். சில வாரங்களில் ராஜாவே வந்து இறங்கினார். தலைமை தாங்கிய வில்லியம் கிரிண்ட்காப் தூக்கில் தொங்கினார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மயிலும் அந்த முயலும் ஒன்று என்று சொல்லவில்லை. முயலைக் காத்தது பிரபுவின் தட்டுக்காக, மயிலைக் காப்பது மயிலுக்காக. அந்தச் சட்டம் வேண்டும் என்றுதான் இன்றும் சொல்வேன், நீ சண்டைக்கு வருவாய் என்று தெரிந்தே. ஆனால் நஷ்டம் மட்டும் ஏன் வரப்பில் நிற்கிறவன் தலையிலேயே விழவேண்டும் என்று நீ கேட்டாயே, அதற்கு அன்று போனில் நான் சிரித்திருக்கக் கூடாது.

கடலை எத்தனை மூட்டை தேறியது என்று எழுது. மறு விதைப்புக்குப் பணம் வேண்டுமானால் கூச்சப்படாமல் சொல். அண்ணியிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்