கரண்ட் பில்லையும் விளம்பரத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தஞ்சை, கும்பகோணம் பக்கம் வரிசையாக வீடு கட்டி விற்கிறார்கள், விளம்பரத்தில் மாடுலர் கிச்சன் வரை எல்லாம் இருக்கிறது, மேற்குச் சுவரில் வெயில் எப்படி அடிக்கும் என்பது மட்டும் இல்லை. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த கட்டணப் படியும் கைவிட்டுப் போகிறது, அதனால் ஏசி குறைவாக ஓடும் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் வாங்குபவர் கணக்குப் போட்டுப் பார்ப்பார். மொட்டைமாடியில் கூலிங் டைல்ஸ், ஜன்னலுக்கு அகலமான சன்ஷேடு, 75 வாட் மின்விசிறிக்குப் பதில் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (குறைந்த மின்சாரம் இழுக்கும் மோட்டார்) விசிறி. கட்டும்போதே செய்தால் பெரிய செலவில்லை, அப்புறம் செய்வதுதான் தலைவலி. இதற்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதா, அதாவது வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த கட்டட விதித்தொகுப்பு, 2018லேயே வந்துவிட்டது (எத்தனை மேஸ்திரிகள் கேள்விப்பட்டிருப்பார்கள்?). மாதிரி வீட்டுச் சுவரில் கரண்ட் பில்லை ஒட்டி, ஒரு சித்திரை மதியத்தில் ஆட்களை அழைத்துக் காட்டட்டும்.

வாசகர், கும்பகோணம்