பின்வரிசைக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு,

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் ஒப்பற்ற வீரர்கள் குறித்து உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஜான் கோல்மனில் தொடங்கிக் கோல் அடித்தவர்களின் பட்டியலாகவே முடிந்துவிட்டது. ஒரு தடுப்பாட்டக்காரர்கூடவா இல்லை? தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 1948 முதல் 1958 வரை ஜீலாங் அணிக்காக 183 ஆட்டங்கள் ஆடிய பெர்னி ஸ்மித்தை எப்படி மறக்க முடிந்தது? அவர் நின்ற இடம் பேக் பாக்கெட். சொந்தக் கோலை ஒட்டிய மூலை. எதிராளியை அடக்கினால் போதும் என்று கருதப்பட்ட அந்த இடத்திலிருந்தே பந்தைக் கைப்பற்றி முன்னேறி, தம் அணியின் தாக்குதலைத் தொடங்கிவைத்தார். 1951இல், விக்டோரியக் கால்பந்து லீகின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வென்றார். பேக் பாக்கெட் ஆட்டக்காரர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல்முறை. அந்தப் பதக்கத்தை முடிவு செய்வது களத்தில் அருகிலிருந்து பார்க்கும் நடுவர்களின் வாக்கு. ரசிகர்களின் ஆரவாரம் அல்ல. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் லீகில் ஜீலாங்கே சாம்பியன். லீகின் நூறாண்டுக் காலச் சிறந்த வீரர்களைக் கொண்டு 1996இல் தேர்வான நூற்றாண்டு அணியிலும் ஸ்மித்துக்கு இடம் கிடைத்தது.

என் மகன் இங்கே சிறுவர் அணியில் பின்வரிசையில் ஆடுகிறான். ஆட்டம் முடிந்து தொலைபேசியில் அழைக்கும் உறவினர்கள் அவனிடம் கேட்பது, "எத்தனை கோல்?" என்பதைத்தான். பத்திரிகைகளும் அதையே கேட்டால் எப்படி? தடுப்பாட்டக்காரர்களுக்கென ஒரு சிறு தொடர் வெளியிடலாம். ஸ்மித்தில் தொடங்கி, தடுப்பு வரிசையின் நடுவிடமான சென்டர் ஹாஃப் பேக்கில் ஆடி இதே பதக்கத்தை வென்ற கார்ல்டன் அணியின் பெர்ட் டீக்கன் (1947), செயின்ட் கில்டா அணியின் நீல் ராபர்ட்ஸ் (1958) ஆகியோரை அடுத்தடுத்து எழுதலாம்.

ஒரு வாசகர்,
மெல்போர்ன்