எங்கள் செங்கல் வீட்டுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

அட்லாண்டாவை அடுத்த டிகால்ப் கவுண்டியில், 1962-இல் கட்டிய எங்கள் ஒற்றைத்தள ரான்ச் வீட்டின் வெளிப்புற வேலை முடிந்துவிட்டது. உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லும்போதே அவர்கள் செய்த வேலையையும் எழுதிவிடுகிறோம். இந்தப் பக்கம் இதே வயதுச் செங்கல் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கு உதவும்.

முதல் நன்றி, செங்கல்லுக்குப் பெயிண்ட் அடிக்க விடாமல் தடுத்த பொறியாளர் நண்பருக்கு. சுவர் முழுக்க வெள்ளை அக்ரிலிக் அடிப்பதாகத்தான் திட்டம். அவர் ஒரு குவளைத் தண்ணீரைச் சுவரில் தெளித்தார். சில நொடிகளில் செங்கல் அதை உறிஞ்சிக்கொண்டது. இந்த வகை வீட்டில் செங்கல் கூரையின் பாரத்தைத் தாங்குவதில்லை. உள்ளே இருக்கும் மரச்சட்டச் சுவருக்கு வெளியே, ஓரங்குலம் போல இடைவெளி விட்டு எழுப்பிய ஒற்றை வரிசை அது. உள்ளே புகும் மழைநீர் அந்த இடைவெளியில் இறங்கி, அடிவரிசையில் விட்டிருக்கும் வடிதுளைகள் வழியாக வெளியே வரும். செங்கல்லில் ஊறியது முகப்பு வழியாகக் காயும். முகப்பைப் பெயிண்ட் படலம் அடைத்துவிட்டால், சிக்கிய ஈரம் ஜனவரி இரவுகளில் உறைந்து விரியும். பெயிண்ட் கொப்புளித்து, சுட்ட செங்கல்லின் தோலையும் சேர்த்து உரித்துவிடும். பிறகு மணல் பீய்ச்சிப் பெயிண்ட்டை எடுக்கப் போனால் மிச்சத் தோலும் போய்விடும். நிறம் மாற்றியே தீரவேண்டும் என்பவர்கள் சுண்ணாம்பு அடிக்கலாம், சிலிகேட் பெயிண்ட் அடிக்கலாம்; இரண்டும் ஈரத்தை வெளியே விடும். நாங்கள் செங்கல்லை அதன் நிறத்திலேயே விட்டோம்.

சுவரடியைத் தோண்டிக் கொடுத்த கல்லூரித் தம்பிகள் இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பல வருடங்களாகக் கொட்டிய மரச்சீவல் ஏறி ஏறி, வடிதுளைகளெல்லாம் மண்ணுக்குள் போயிருந்தன. ஜார்ஜியாவில் கரையானுக்கு இதைவிட நல்ல பாதை கிடையாது. இப்போது மண்மட்டம் துளைகளுக்கு 6 அங்குலம் கீழே இருக்கிறது; வீட்டைவிட்டு முதல் 10 அடிக்குள் இன்னும் 6 அங்குலம் சரிகிறது.

கொத்தனாருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாக ஏறிய விரிசலைப் பார்த்து, அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று ஒரு நிறுவனம் பெரிய தொகைக்கு மதிப்பீடு கொடுத்திருந்தது. இவர் ஜன்னலுக்கு மேலே செங்கல்லைத் தாங்கும் இரும்புச் சட்டமான லிண்டலைச் சுரண்டிக் காட்டினார். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். அதுதான் மேலிருந்த செங்கல்லை நெம்பியிருக்கிறது. முட்டுக் கொடுத்து, மூன்று வரிசை செங்கல்லைக் கழற்றி, துத்தநாகம் பூசிய புது இரும்பு ஆங்கிளை லிண்டலாக வைத்து, அதன்மேல் நீர்தடுப்புத் தகடும் வடிதுளைகளும் அமைத்தார். லிண்டலுக்கும் செங்கல்லுக்கும் இடையே உள்ள இடுக்கை சிலிகான் போட்டு அடைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். தண்ணீர் வெளியே வரும் வழியே அதுதானாம்.

செங்கற்களுக்கு இடையே உள்ள சாந்து இணைப்புகளைப் புதுப்பித்ததிலும் அவர் பொறுமைக்கு அளவில்லை. பழைய சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்கு எடுத்தார். கிடைமட்ட இணைப்புகளுக்கு மட்டும் கிரைண்டர். குத்து இணைப்புகளுக்கு உளிதான். அங்கே கிரைண்டர் ஓட்டினால் மேலும் கீழும் இருக்கும் செங்கல் வெட்டுப்பட்டுவிடும். கலவை ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல். சாந்து செங்கல்லைவிட மென்மையாக இருக்கவேண்டும், இல்லையென்றால் சுவர் அசையும்போது உடைவது செங்கல்லாக இருக்கும். அதனால்தான் சிமெண்ட்டைக் கூட்டவில்லை. பழைய நிறம் வருவதற்காக நான்கு வகை மணலில் மாதிரி போட்டு, ஒரு வாரம் காயவிட்ட பிறகே தேர்ந்தெடுத்தார். சுவரை நனைத்து, கால் அங்குலப் படலங்களாகத் திணித்து, கட்டைவிரல் பதியும் பதத்தில் இழுத்து முடித்து, ஈரச் சாக்கு மூன்று நாள் கட்டினார்.

எதிர்வீட்டுப் பெரியவர், தன் வீட்டுத் தரைக்கடியில் உள்ள வெற்றிடத்தில் அடுக்கி வைத்திருந்த, எங்கள் சுவரில் உள்ள அதே சூளைச் செங்கல் 40 கொடுத்தார். கடையில் எங்கும் கிடைக்காத நிறம் அது. ஐயா, அந்த உதவியை மறக்கமாட்டோம்.

வீடுகளில் ஈயப் பெயிண்ட் தடைசெய்யப்பட்ட 1978-க்கு முந்தைய வீடு என்பதால், மர விளிம்புகளின் பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்த பின்னரே பெயிண்டர் கைவைத்தார். தரையில் பிளாஸ்டிக் விரித்து, ஈரப்படுத்திச் சுரண்டினார். நெருப்பால் சுட்டு உரிக்கவில்லை. கூரை விளிம்பின் அடித்தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது ஆய்வகச் சோதனையில் தெரிந்ததும், துளையிடாமல், அறுக்காமல், அப்படியே பெயிண்ட் பூசினார். குழந்தைகள் விளையாடும் முற்றத்தை அன்றன்றே சுத்தம் செய்துவிட்டுப் போனதற்குத் தனி நன்றி.

தச்சர், முன்வாசலின் துருப்பிடித்த கம்பித் தூண்களை ஜாக்கி முட்டு நிறுத்தி ஒவ்வொன்றாக மாற்றினார். புது சீடார் தூண்களின் அடி, தரையைத் தொடாமல் ஓரங்குலம் உயர்ந்த உலோகத் தாங்கியில் நிற்கிறது. ஜன்னலோரப் பிளாஸ்டிக் அலங்காரப் பலகைகளைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். ஜன்னலை மூடும் அகலம்கூட இல்லாத பலகைகள் அவை. எடுத்தபின் வீட்டின் நீளம் கண்ணுக்குத் தெரிகிறது.

பெரியவர் கொடுத்ததில் 27 செங்கல் போக, 13 மீதி. அவற்றையும், மணலின் மாதிரியையும், கலவை அளவு எழுதிய அட்டையையும் வீட்டுக்கடியில் வைத்திருக்கிறோம். பிரிக்காத சுண்ணாம்பு மூட்டை ஒன்று கராஜில் இருக்கிறது. இணைப்புப் பூசப்போகும் நண்பர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
வீட்டார்