கண்ணாடி வீட்டைப் பார்க்கப் போகும் பள்ளிகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துப் பள்ளிகள் தாவரவியல் சுற்றுலா என்றால் பெங்களூரு லால்பாக், இல்லாவிட்டால் ஊட்டி என்று முடிவுசெய்துவிடுகின்றன. அதிலும் மலர்க் கண்காட்சி நாளாகப் பார்த்து வண்டி பேசுகிறார்கள். லால்பாக்கில் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி, ஊட்டியில் மே மாதத்தில் கண்காட்சி நடக்கும். அந்த நாட்களில் பிள்ளைகளால் ஒரு செடியின் முன் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது. சாதாரண வேலைநாளில் போவதே நல்லது.

போவதற்கு முன் ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. லால்பாக்கின் புகழ்பெற்ற கண்ணாடி மாளிகை செடி வளர்ப்பதற்காக எழுப்பியதல்ல. 1889இல் அடிக்கல் நாட்டி, லண்டன் கிரிஸ்டல் பேலஸை மாதிரியாகக் கொண்டு கட்டிய கண்காட்சிக் கூடம் அது. கண்காட்சி இல்லாத நாளில் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. “இவ்வளவுதானா சார்?” என்ற கேள்வி அங்கேதான் வரும். அங்கே பார்க்க வேண்டியவை 240 ஏக்கரில் நிற்கும் மரங்களும், சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையான பாறைக் குன்றும். வேலூரிலிருந்து காலை ஐந்து மணிக்குள் கிளம்பாவிட்டால் ஓசூர் சாலையில் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலிலேயே ஒரு மணி நேரம் போய்விடும். பூங்காவுக்கு நான்கு வாசல்கள் இருப்பதால், இறங்கிய வாசலின் பெயரை ஒவ்வொரு பிள்ளையும் நோட்டில் எழுதிக்கொள்வது அவசியம்.

1848இல் தொடங்கிய ஊட்டிப் பூங்காவில் கண்ணாடிக்கு உண்மையாகவே வேலை இருக்கிறது. குளிர்கால உறைபனி இலைமேல் படிந்தால் அதன் செல்கள் சிதைந்து, மறுநாள் வெயிலில் இலை கருகித் தொங்கும். பெகோனியா, சினரேரியா போன்ற மென்மையான செடிகளைக் கண்ணாடிக் கூரை அதிலிருந்து காக்கிறது. வெயில் உள்ளே புகுந்து தரையையும் தொட்டிகளையும் சூடாக்கும். அந்தச் சூடேறிய காற்று வெளியேற வழியில்லாமல் தங்கும். கதவைத் திறந்தே வைத்தால் அத்தனையும் வீண். அதனால் பத்துப் பன்னிரண்டு பேராக உள்ளே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு அடுத்த குழுவை விடவேண்டும். நீலகிரிக்கு வண்டியின் இ-பாஸ் முன்கூட்டியே எடுத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை இருப்பதால் எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோகலாம்.

அதிகம் பேர் நினைக்காத இடம் ஏற்காடு. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் அங்கே இருக்கிறது. எங்களைக் கேட்டால், ஒன்பதாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு லால்பாக்கைவிட இதுவே பொருத்தம். பூ இருந்தால்தான் ஆர்க்கிட் என்று எண்ண வேண்டாம், வேரைப் பாருங்கள். காய்ந்த நிலையில் வெள்ளி நிறமாக இருக்கும் வேர், நனைந்ததும் பச்சையாகும். வேரைப் போர்த்தியுள்ள பஞ்சு போன்ற உறை ஈரத்தை உறிஞ்சுவதால் வரும் மாற்றம் இது. செத்த வேர் என்று நினைத்துக் கிள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரணி (ஃபெர்ன்) இலையின் அடியில் வரிசையாக இருக்கும் பழுப்புப் புள்ளிகளையும் நோய் என்று சொல்லிப் பறிப்பார்கள். அவை செடி பெருக உதவும் வித்துத்தூள் (ஸ்போர்) கூடுகள். பூச்சிகளைப் பிடித்துச் செரிக்கும், மேகாலயத்தைச் சேர்ந்த குடுவைச் செடி அங்கே இருந்தால் குடுவைக்குள் விரல் விடக்கூடாது. உள்ளே இருக்கும் செரிமான நீர் கொட்டிவிட்டால் அந்தக் குடுவைக்குப் பிறகு வேலையில்லை.

கள்ளிப் பகுதி இருக்கும் தோட்டத்தில் நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. நம் பாறை மலைகளில் நிற்கும் சதுரக்கள்ளியையும், வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியையும் அவர்கள் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். பெயர் ஒன்றானாலும் குடும்பம் வேறு. கீறினால் பால் வருவது சதுரக்கள்ளி, ஆமணக்குக்குச் சொந்தம். முள் கிளம்பும் இடத்தில் சின்னப் பஞ்சுமெத்தை இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். சப்பாத்தியின் பொடிமுள் கையில் ஏறினால் செல்லோடேப்பை ஒட்டி இழுங்கள், பெரும்பாலானவை வந்துவிடும்.

திரும்பும்போது எல்லோரும் தொட்டிச் செடி வாங்குகிறார்கள், ஜூன் வருவதற்குள் முக்கால்வாசி செத்துவிடுகிறது. ஊட்டியில் வாங்கிய பெகோனியாவுக்கும் பியூஷியாவுக்கும் குளிர்ந்த இரவு வேண்டும். சித்திரையில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில் அதற்கு எங்கே போவது? அடீனியம், காகிதப்பூ, ஈழத்தலரி (புளுமேரியா) என்றால் பிழைக்கும். செடியை பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடாதீர்கள், வெந்துவிடும். தேங்காய்நார்க் கழிவில் வளர்த்த செடியாக இருந்தால், அது ஒருமுறை முழுக்கக் காய்ந்த பிறகு மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும், வேருக்குச் சேராது. தொட்டியை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை, சுமார் இருபது நிமிடம், அமிழ்த்தி வையுங்கள். ஒரு வாரம் நிழல், பிறகு ஒரு மணி நேரக் காலை வெயிலில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். வந்த அன்றே தொட்டி மாற்ற வேண்டாம்.

கண்ணாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, நம் ஊர்ப் பூங்காவிலும் பள்ளியிலும் கண்ணாடி வீடு கட்டலாமே என்று கேட்கிறார்கள். இங்கே கட்டினால் மே மாதத்தில் செடி உள்ளேயே வெந்துபோகும். நமக்கு ஏற்றது நிழல்வலைக் குடில். பொதுவான செடிகளுக்கு 50 சதவீத வலை (பாதி வெயிலை மறைப்பது), பெரணிக்கும் ஆர்க்கிட்டுக்கும் 75 சதவீத வலை போதும். சூடான காற்று மேலே ஏறித் தங்காமல் வெளியேற, கூரை பத்தடிக்குக் குறையக்கூடாது. தண்ணீரைப் பனிபோலத் தூவும் குழாய் வைப்பவர்கள் உப்புத் தண்ணீரை விட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும், இலைமேல் வெள்ளைப் படிவமும் விழும். அதனால் பள்ளிக் கட்டடக் கூரையின் மழைத் தண்ணீரைப் பிடித்துவைக்க ஒரு தொட்டிக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இப்படிக்கு,
தோட்டக்கலை ஆர்வலர்கள்,
காட்பாடி