லென்ஸ் வாங்கும் முன்

நாகர்கோவில்

மக்களே,

நீ அனுப்பிய படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பந்தாட்டம், காற்றாலை, சூரிய உதயம் மூன்றும் கெட்டுப்போனது உண்மைதான். ஆனால் லென்ஸின் குற்றம் எதிலும் இல்லை. லென்ஸ்தான் சரியில்லை, துளை இன்னும் பெரிதாகத் திறக்கும் எஃப் 2.8 லென்ஸ் வாங்கப்போகிறேன் என்றாயே, அதற்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடு.

கடற்கரைப் பந்தாட்டத்தை நீ 1/250 ஷட்டரில் எடுத்திருக்கிறாய். ஓங்கி உதைத்த பந்து விநாடிக்கு 20 மீட்டர் போகும். 1/250 விநாடிக்குள் அது 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் குறுக்களவே 22 சென்டிமீட்டர்தான், பிறகு எப்படி உருண்டையாகத் தெரியும்? 1/1000 வைத்தால் நகர்வு 2 சென்டிமீட்டர், கண்ணுக்கு உறுத்தாது. மோடை எம்-இல் வை, அதாவது ஷட்டரையும் துளையையும் நீயே வைப்பது. ஷட்டர் 1/1000, துளை உன் 55-210 லென்ஸ் நீட்டிய நிலையில் தரும் எஃப் 6.3, ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்ச உணர்திறன், ஆட்டோ, மேல்வரம்பு 6400. மாலை ஐந்து மணி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 500-ஐ ஒட்டி நிற்கும். ஆறு மணிக்கு 2000, 3000 என்று ஏறும். ஐ.எஸ்.ஓ. ஏறினால் படத்தில் புள்ளி விழுகிறதே என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதே, நீ செய்தது அதைத்தான். வெளுத்த மணலும் கடல் பளபளப்பும் கேமராவை ஏமாற்றி முகங்களைக் கறுக்கடிக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 ஏற்றிக்கொள்.

முகம் மங்கி, பின்னால் உள்ள கோல் வலை மட்டும் துல்லியமாக இருக்கிறதே, அது ஃபோகஸ் பகுதியைப் படச்சட்டம் முழுக்கத் திறந்துவிட்டதால் வந்தது. வலையில் கோடு கோடாகக் கறுப்பு வெள்ளை இருக்கிறது, கேமராவுக்கு அதைவிடச் சுலபமான இரை வேறில்லை. தொடர் ஃபோகஸை வை, அதாவது ஏ.எஃப்.-சி. பகுதியை நடுவில் சின்னதாகச் சுருக்கு. குறுக்கே இன்னொரு ஆள் ஓடினால் அவன்மேல் தாவாதபடி டிராக்கிங் உணர்வைக் குறைத்து வை. பந்து வரும் முன்பே ஆளைப் பிடித்து பொத்தானைப் பாதி அமுக்கியபடி தொடர வேண்டும். உதைத்த பிறகு அமுக்கினால் எந்த லென்ஸாலும் முடியாது.

நிற்கும் இடத்துக்கு வருகிறேன். மேற்குக் கரையில், முட்டம் ஆனாலும் தூத்தூர் ஆனாலும், மாலைச் சூரியன் கடல் பக்கம். கடலை முதுகுக்கு விட்டு நின்றால் ஆட்டக்காரர்கள் முகத்தில் வெளிச்சம், பின்னணியில் தென்னை. கடல்தான் பின்னணியாக வேண்டுமென்றால் எல்லாரும் நிழலுருவம், அதையும் வேண்டுமென்றே எடுக்கலாம். நீ இரண்டுக்கும் நடுவில் நின்று இரண்டையும் இழந்திருக்கிறாய். கார்னர் கொடிக்குப் பின்னால் நாலைந்து மீட்டர் தள்ளி மணலில் உட்கார். கேமரா ஆட்டக்காரனின் முட்டி உயரத்தில் இருந்தால் அவன் துள்ளுவது துள்ளலாகத் தெரியும்.

காற்றாலைப் படத்தில் இறக்கை வாழைமட்டை மாதிரி வளைந்திருக்கிறது. நீ சத்தமில்லா ஷட்டரைப் போட்டிருக்கிறாய், அதன் வேலை அது. அதில் சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கிறது. உன்னுடையது போன்ற கேமராக்களில் அதற்கு 1/15 முதல் 1/50 விநாடி வரை ஆகும், அதற்குள் இறக்கை சில டிகிரி திரும்பிவிடுகிறது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பழைய சின்ன ஆலைகள் புதிய பெரியவற்றைவிட வேகமாகச் சுற்றுவதால் அவற்றில் வளைவு இன்னும் அதிகம். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்று. மாற்றினாலும் 1/1000-இல் இறக்கை நின்றுபோன மின்விசிறி மாதிரி இருக்கும். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று என்றால் விநாடிக்கு 120 டிகிரி. 1/8 விநாடி வைத்தால் 15 டிகிரி இழுவை, சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். பகல் வெயிலில் அதற்கு ஆறு ஸ்டாப் என்.டி. ஃபில்டர் வேண்டும், அதாவது வெளிச்சத்தை ஆறு தடவை பாதி பாதியாகக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8 வைத்தால் 1/8-ஐ ஒட்டி வந்துவிடும். திற்பரப்பு அருவித் தண்ணீரைப் பட்டாக இழுக்கவும் இதே ஃபில்டர் போதும். வாங்குவதென்றால் இதை வாங்கு.

1/8-க்கு முக்காலி இல்லாமல் ஆகாது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முக்காலியையே தள்ளும். நடுத்தண்டை உயர்த்தாதே. பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அது ஊஞ்சலாடி இன்னும் குலுக்கும், ஆகவே பையின் அடி தரையில் படும்படி கட்டு. கழுத்துப் பட்டையைக் கழற்று, லென்ஸ் ஹூடையும் எடுத்துவிடு. இரண்டும் பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும்.

இரவுக் கபடி எடுக்க ஆசை என்றாயே, அந்த இடத்தில் மட்டும் உன் வாதத்தை ஒத்துக்கொள்கிறேன். ஊர் மைதான விளக்கில் எஃப் 6.3, 1/1000 வைத்தால் ஐ.எஸ்.ஓ. 20000-ஐத் தாண்டும். எஃப் 2.8 அதை 4000 சொச்சத்துக்கு இறக்கும். ஆனால் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 2000-க்குள் கொண்டுவரும், விலையும் மிகக் குறைவு. கபடிக் களம் 13-க்கு 10 மீட்டர்தான், ஓரத்தில் உட்கார்ந்தால் 85 எட்டும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். தொடர்ச்சியாகச் சுட்டால் ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மஞ்சள் இருட்டு. சத்தமில்லா ஷட்டரில் என்றால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெனுவில் ஃபிளிக்கர் குறைப்பைப் போட்டால் விளக்கு உச்சத்தில் இருக்கும்போது ஷட்டர் திறக்கும்.

இனி கன்னியாகுமரி. வள்ளுவர் சிலையின் பக்கத்தில் சூரியன் மிளகளவுக்கு இருக்கிறது என்று நொந்துகொண்டாய். 133 அடி என்பது 40 மீட்டர். 400 மீட்டர் தள்ளிக் கரையில் நின்றால், சிலை இருக்கும் தூரத்தில் சூரிய வட்டம் நாலு மீட்டர்கூட இல்லாத தட்டுதான். இரண்டு கிலோமீட்டர் பின்னால் போனால் அதே வட்டம் 18 மீட்டரைத் தாண்டும், சிலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அங்கிருந்து உன் 210 மி.மீ.-இலேயே சிலை சட்டத்தின் உயரத்தில் கால்வாசி நிற்கும். மேற்கே கரையோரமாக நடந்து, மறைப்பில்லாமல் சிலை தெரியும் இடத்தை முந்தின நாள் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்.

மாதமும் முக்கியம். மார்கழியில் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 டிகிரி தெற்கே உதிக்கும், கடலுக்குள், சிலைப் பக்கமாக. ஆனியில் அதே அளவு வடக்கே விலகிவிடும். டிசம்பர் கடைசியில் உதயம் ஆறரை மணி. நுனி தெரிந்து முழு வட்டமும் மேலே வர இரண்டரை நிமிடம்கூட ஆகாது, ஆகவே வெள்ளனப் போய் ஆறு மணிக்கே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். எக்ஸ்போஷரை −1 இறக்கு, ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பில், எடு. அடிவானத்து மேகம் மூடினால் கோபித்துக்கொள்ளாதே, அந்த மாதத்தில் அது வழக்கம். 2024 டிசம்பர் 30-இல் திறந்த கண்ணாடிப் பாலம், 77 மீட்டர், இப்போது சிலையையும் விவேகானந்தர் பாறையையும் கோர்த்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே இருந்த வெற்றுக் கடல்தான் எனக்குப் பிடிக்கும், அது வேறு.

உப்புதான் எனக்குப் பெரிய கவலை. கடற்கரையிலிருந்து வந்ததும் லென்ஸைத் துணியால் துடைக்காதே, உப்பும் மணலும் பூச்சைக் கீறும். முதலில் காற்றடிக்கும் ரப்பர் பந்து, பிறகு மென்பிரஷ், அதன்பின் நல்ல தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி. ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்தால் கண்ணாடி வியர்க்கும், அரை மணி நேரம் பையின் ஜிப்பைத் திறக்காமல் வை. இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் நம்முடையது, லென்ஸுக்குள் பூஞ்சை வந்தால் போகாது. காற்றுப்புகாத டப்பாவில் நீல சிலிகா ஜெல்லோடு வை. அது இளஞ்சிவப்பானால் வாணலியில் இளந்தீயில் வறுத்து நீலமாக்கிக்கொள், வாணலியைச் சமையலுக்குத் திரும்ப எடுக்காதே. அரிசிக்குள் கேமராவைப் புதைக்கிற யோசனை வேண்டவே வேண்டாம், தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும்.

முக்காலியின் கால்பூட்டு கரகரக்கிறது என்றாயே, அது மணல். பூட்டைத் திருகிக் கழற்றி, பழைய பல் பிரஷால் நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க நிழலில் காய வைத்து, திருகு மரையில் மட்டும் துளி கிரீஸ் தடவு. அடுத்த தடவை மணலில் ஊன்றும்போது அடிக்காலை முதலில் நீட்டு, பூட்டு மணலுக்கு மேலே நிற்கும். கழற்றும்போது உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் எந்தப் பக்கம் இருந்தன என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்.

அம்மா