கரண்டு இல்லாத பம்ப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கழற்றலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் புழுங்கல் அரிசி மில்களில் கம்ப்ரசர் காற்றில் ஓடும் டயாபிரம் பம்பை (உள்ளே வளையும் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து தள்ளும்) இப்போது பார்க்க முடிகிறது. நெல் ஊறல் தண்ணீரைச் சுத்தம் செய்தபின் தேங்குகிற சகதியை, அதிலிருந்து தண்ணீரைப் பிழிந்தெடுக்கும் ஃபில்டர் பிரஸ்ஸுக்குத் தள்ள இது ரொம்பத் தோதானது. மோட்டார் இல்லை, டெலிவரியை, அதாவது சரக்கு வெளியேறும் பைப்பை, அடைத்தால் தானாக நிற்கும், திறந்தால் மறுபடி அடிக்கும். இவற்றைப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு வருத்தம். ‘கரண்டே கிடையாது, ஷாக் அடிக்காது, யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம்’ என்று முதலாளி முதல் லோடுமேன் வரை நினைக்கிறார்கள்.

ஏர் வால்வை மூடினால் பம்ப் நிற்கும், சரி. ஆனால் உள்ளே அடைபட்ட காற்றும் டெலிவரி பைப்பில் ஏறி நிற்கிற சகதியும் எங்கே போகும்? இந்த வகைப் பம்பில் எத்தனை கிலோ காற்று கொடுக்கிறோமோ ஏறக்குறைய அத்தனை கிலோ அழுத்தம் டெலிவரியிலும் ஏறும், அந்த நிலையில் கிளாம்பைத் தளர்த்தினால் முகத்தில்தான் அடிக்கும். காற்றை மூடி, பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் தங்கியதை வெளியே விட்டு, டெலிவரியையும் வடித்துவிட்டு அப்புறம்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். வேகமாக அடிக்கட்டும் என்று கம்ப்ரசரின் முழு அழுத்தத்தையும் திறந்துவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். பம்பின் பெயர்த் தகட்டில் உச்ச அழுத்தம் போட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பல வேலைகளுக்கு அதில் பாதியே போதும், டயாபிரமும் கூடுதல் நாள் உழைக்கும்.

எனக்கு அதிகம் கோபம் வருவது, பம்பிலிருந்து காற்று வெளியேறும் வாயில் மாட்டியிருக்கும் சைலன்ஸரைக் கழற்றிப் போடுவதைப் பார்த்தால்தான். அழுத்தக் காற்று வெளியேறும்போது விரிந்து குளிர்ந்துபோகும், காற்றில் ஈரம் இருந்தால் அந்த வாயிலேயே பனிக்கட்டி கட்டும், பம்ப் திணறும். நம்ம ஊர் வெயிலில் ஐஸா என்று சிரிப்பார்கள், வந்து தொட்டுப் பார்க்கட்டும். உடனே யாராவது சைலன்ஸரைக் கழற்றி மூலையில் எறிவார், பம்பும் ஓடும். காது போவது ஒரு பக்கம். டயாபிரம் கிழிந்தால் உள்ளே இருக்கிற சரக்கு அந்த வாய் வழியாகத்தான் வெளியே பீய்ச்சும், எதிரே நிற்பவர் கதி என்ன? சகதி என்றால் குளித்துவிடலாம், ஆசிட் என்றால்? அந்த மாதிரிச் சரக்குக்கு அந்த வாயில் ஹோஸ் மாட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு வாளிக்குள் விட வேண்டும். ஐஸுக்கு மருந்து கம்ப்ரசர் டேங்கில்தான் இருக்கிறது: தினமும் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரம், அப்போது இருவேளையும் வடிக்கலாம்.

உமிச் சாம்பலையும் சொல்ல வேண்டும். அதில் பெரும்பங்கு சிலிக்கா. பாய்லர் பக்கத்துக் கழிவோடு கலந்து வந்தால் பம்புக்குள் வால்வாக வேலை செய்யும் பந்தையும் அது உட்காரும் சீட்டையும் அரம் போல ராவிவிடும். பம்ப் டக் டக் என்று அடிக்கிறது, தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் பந்தைப் பாருங்கள்.

தவிட்டு எண்ணெய் ஆலைகளில் எண்ணெயைப் பிரிக்கும் ஹெக்சேன், பெயின்ட் வேலையில் தின்னர், இரண்டும் சட்டென்று தீப்பிடிப்பவை. இவை குழாயில் ஓடும்போதே நிலைமின்சாரம் சேரும், ஒரு பொறி போதும். கரண்டு இல்லாத பம்புக்கு எர்த் எதற்கு என்று கேட்கிறவர்களுக்குப் பதில் இதுதான். பம்ப், டிரம் இரண்டுக்கும் எர்த் வேண்டும், சாதாரண பிளாஸ்டிக் பாடி பம்ப் அங்கே கூடவே கூடாது. அதேபோல அலுமினியப் பம்பில் காஸ்டிக் சோடாவை விடாதீர்கள், உலோகத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும்.

கடைசியாகக் கழிவுத் தொட்டி. புளித்த சகதியைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகிய முட்டை நாற்றம் சட்டென்று தெரியாமல் போனால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, மூக்கு மரத்துப் போயிருக்கும். இந்தப் பம்ப் மேலே இருந்தபடியே உறிஞ்சும், ரொம்ப ஆழமில்லாத தொட்டிக்கு ஹோஸை மட்டும் இறக்கினால் போதும். அடைப்பு என்றால் ஹோஸை மேலே இழுத்துச் சுத்தம் செய்யுங்கள், ஆளை இறக்காதீர்கள்.

இந்த விவரமெல்லாம் பம்போடு வரும் ஆங்கிலப் புத்தகத்திலேயே இருக்கிறது, அது ஆபீஸ் பீரோவில் இருக்கிறது. பம்பைத் தொடுகிறவர் உள்ளூர்ப் பையன், இல்லையென்றால் பீகாரில் இருந்து வந்தவர். விற்பனையாளர்கள் தமிழிலும் இந்தியிலும் ஒரு பக்கம் அச்சடித்து பம்புக்கு மேலே ஒட்டிவிட்டுப் போகட்டும், அது இல்லாமல் பில்லில் கையெழுத்துப் போட மாட்டோம் என்று மில் உரிமையாளர்களும் சொல்லலாமே.

இப்படிக்கு,
பம்ப் மெக்கானிக் ஒருவர்,
நீடாமங்கலம்