அடுப்புப் புகையும் ஆர்.என்.ஏ.வும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நுரையீரல் புற்றுநோய் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, புகைபிடிப்பதோடு நின்றுவிட்டது. எங்கள் அத்தை பீடியைத் தொட்டதே இல்லை. தக்கலை பக்கம் வீட்டில் முப்பது வருடம் ஈர ரப்பர் விறகை ஊதி ஊதிச் சமைத்தவர். இருமலுக்கு நாலு மாதம் சிரப், பிறகு காசநோய் சந்தேகம். ஸ்கேன் எடுத்து திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுவதற்குள் நோய் எலும்புவரை போய்விட்டது.

இந்த நோயில் பங்குள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றியும் நாலு வரி எழுதியிருக்கலாம். ஆர்.என்.ஏ. என்பது செல்லுக்குள் மரபணுவிலிருந்து நகலெடுக்கப்படும் மூலக்கூறு; அதில் சுமார் 22 எழுத்து (அதாவது வேதி அலகு) நீளமே உள்ள துணுக்கு இது. தானாகப் புரதம் எதையும் தயாரிக்காது. எந்த மரபணுவின் குரல் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று அடக்கி வைக்கும். 1993-ல் ஒரு பொடிப் புழுவில் இதைக் கண்டறிந்ததற்குத்தான் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் இருவருக்கும் 2024-ல் நோபல் பரிசு. 'லெட்-7' என்ற துணுக்கு, செல்லைப் பெருகச் சொல்லும் 'ராஸ்' மரபணுவுக்குக் கடிவாளம். நுரையீரல் புற்றுக்கட்டிகள் பலவற்றில் இது குறைந்து கிடக்கிறது. 'மிர்-21' நேரெதிர், அது கூடிப்போய், கட்டியைத் தடுக்கும் மரபணுக்களை அமுக்குகிறது. ரத்தத்திலும் இவை சிதையாமல் இருப்பதால், நோயை முன்னதாகக் கண்டுபிடிக்க உதவுமா என்று ஆராய்கிறார்கள். வழக்கமான பரிசோதனையாக இன்னும் வரவில்லை. இப்போதே பாக்கேஜ் போட்டு யாராவது விற்க வந்தால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

அடுத்த கட்டுரையில் அடுப்படிப் புகையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

– ஒரு வாசகி,
கன்னியாகுமரி மாவட்டம்